உவர்மலையில் உள்ள பெற்றோர் வீட்டின் விலையை எப்படித் தீர்மானிப்பது?

மல்லிகைப்பந்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டுக்கு நியாயமான பெறுமதி எது என்று அறிய விரும்புகிறேன். வளவு 18 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி). வீடு 1980களின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. ஓட்டுக் கூரை, ஏறத்தாழ 1,600 சதுர அடி, முன்னால் அகன்ற விறாந்தை, பின்னால் கிணறு. அப்பாவும் அம்மாவும் 2017க்கு முன்னரே காலமாகிவிட்டார்கள். மரணசாதனம் எதுவும் எழுதப்படவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். தம்பி இலண்டனிலும் தங்கை மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பங்குகளுக்கு உரிய பணத்தைக் கொடுத்து வீட்டை என் பெயருக்கு மாற்ற விரும்புகிறேன். அவர்களுக்கும் அதில் சம்மதமே.

தடையாக நிற்பது விலை மட்டும்தான். தரகர் ஒருவர் ஒரு தொகை சொன்னார். தம்பி இணைய விளம்பரங்களைப் பார்த்து அதைவிட மிகக் கூடிய தொகையைச் சொல்கிறான். தங்கையின் கணவரோ, பக்கத்து வளவு அண்மையில் கைமாறியபோது உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) எழுதப்பட்ட விலையைக் காட்டுகிறார். அது தரகர் சொன்னதில் பாதிகூட இல்லை. எவரும் எவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனாலும் இந்த மூன்று தொகைகளுக்கு நடுவில் எங்கள் தொலைபேசிப் பேச்சு வரவரக் குறைந்துகொண்டு போகிறது. எதை நம்புவது?

நிலமும்கல்லும் எழுதியது:

சகோதரி, மதிப்பீட்டுத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று தொகைகளில் ஒன்றுகூட வீட்டின் பெறுமதி அல்ல. விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் விருப்பம். அந்த விலைக்கு எவரும் வாங்கினார்களா என்பதை விளம்பரம் சொல்லாது. பல மாதங்களாக மாறாமல் கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்கே சான்றாகும். தரகரின் கூலி விற்பனை விலையைப் பொறுத்தது. வீட்டை விற்கும் பொறுப்பு தன் கைக்கு வரவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருக்கும். உறுதியில் எழுதப்படும் விலையின் கதை வேறு. காணி கைமாறும்போது முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டியிருப்பதால், விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. எனவே பக்கத்து வளவின் உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு விலை பேசுவது உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் அநீதியாக முடியும். வாங்கியவரிடமும் விற்றவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இருவரின் பதிலும் ஒத்துப்போனால் அந்தத் தொகையை ஒப்பீட்டுக்குக் கொள்ளலாம்.

சந்தைப் பெறுமதி என்று நாங்கள் எழுதுவது, விற்க மனமுள்ள ஒருவரும் வாங்க மனமுள்ள ஒருவரும், எவருடைய நெருக்குதலும் இல்லாமல், சொத்தின் நிறைகுறைகளை அறிந்து, போதிய காலம் எடுத்துப் பேசினால் குறிப்பிட்ட ஒரு திகதியில் எந்தத் தொகையில் உடன்படுவார்கள் என்பதையே. இந்தத் திகதி மிக முக்கியமானது. வங்கிக்கு எழுதப்படும் அறிக்கையில் இதனோடு கட்டாய விற்பனைப் பெறுமதி என்றொரு குறைந்த தொகையும் இருக்கும். கடன் திரும்பாவிட்டால் அவசரமாக விற்று எவ்வளவு மீட்கலாம் என்று வங்கி அறிவதற்காக எழுதப்படுவது அது. சகோதரர்களுக்கிடையே அதை எடுத்துப் பேசவே கூடாது. சோலைவரிப் பத்திரத்தில் உள்ள வருடாந்தப் பெறுமதியும் வரி விதிப்பதற்காகக் கணிக்கப்பட்டதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். காணியையும் கட்டடத்தையும் தனித்தனியாக மதிப்பிடவேண்டும். காணிக்கு, அதே வீதியிலோ அடுத்த வீதியிலோ கடந்த ஓராண்டுக்குள் உண்மையில் விற்கப்பட்ட வளவுகளைத் தேடுங்கள். இரண்டு மூன்று கிடைத்தாலே போதும். பாலையூற்றிலோ அலஸ்தோட்டத்திலோ பேர்ச் என்ன விலைக்குப் போனது என்பது உவர்மலைக்கு உதவாது. உவர்மலைக்குள்ளேயே கடல் தெரியும் வளவுக்கும் தெரியாத வளவுக்கும், லொறி திரும்பக்கூடிய வீதிக்கும் முச்சக்கரவண்டி மட்டும் நுழையும் ஒழுங்கைக்கும் விலை வேறுபடும். வீதியை ஒட்டிய முகப்பின் அகலம், வளவின் வடிவம், மேடா பள்ளமா, மாரி மழையில் நீர் வடிகிறதா என்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கூட்டியோ குறைத்தோ எடுக்கவேண்டும். 18 பேர்ச்சை மொத்தமாக வாங்கக்கூடியவர்கள், 8 பேர்ச் வாங்கக்கூடியவர்களைவிடக் குறைவு. ஆகையால் சிறிய துண்டு விற்ற பேர்ச் விலையை அப்படியே 18ஆல் பெருக்குவது பிழையான தொகையைத் தரும்.

கட்டடத்துக்கு, அதே அளவு வீட்டை இன்று கட்டினால் என்ன செலவாகும் என்று கணித்து, அதிலிருந்து தேய்மானத்தைக் கழிப்போம். விளக்கத்துக்காக மட்டும் ஒரு சதுர அடிக்கு ரூபா 10,000 என்று வைத்துக்கொண்டால், 1,600 சதுர அடிக்கு ஒரு கோடியே 60 இலட்சம் வரும். வீட்டின் ஆயுள் 80 ஆண்டுகள், கழிந்தது 40 ஆண்டுகள் என்றால் மிஞ்சுவது 80 இலட்சம். காணி பேர்ச் 10 இலட்சம் என்று கொண்டால் ஒரு கோடியே 80 இலட்சம். இரண்டும் சேர்ந்து இரண்டு கோடியே 60 இலட்சம். இவை உங்கள் வீட்டுக்கான எண்கள் அல்ல; கணக்குப் போகும் வழியைக் காட்டவே எழுதினேன்.

அந்தத் தேய்மானக் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. கூரை மரத்தில் கறையான் ஏறியிருக்கிறதா, கடற்காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து சீமெந்தை வெடிக்க வைத்திருக்கிறதா, மின்கம்பிகள் 1980களின் கம்பிகள்தானா என்பவை சேர்ந்தே உண்மையான தேய்மானத்தைச் சொல்லும். நம் ஊரில் விறாந்தைத் தூண்களின் அடியையும் மழைத்தடுப்புத் தட்டின் கீழ்ப்பக்கத்தையும் பார்த்தாலே பாதி விடயம் தெரிந்துவிடும். 2022க்கு முன்னர் எவரோ எழுதிக்கொடுத்த கட்டடச் செலவுக் கணக்கை இப்போது பயன்படுத்தாதீர்கள். அந்த ஆண்டில் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தில் பழைய கணக்குகள் எல்லாம் பொருளிழந்துவிட்டன.

தேம்ஸ்கரை எழுதியது:

நான் அந்தத் தம்பியின் நிலையில் இருப்பவன். என் பெற்றோரின் வீடும் திருகோணமலையில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பேராசையால் கூடிய விலை சொல்கிறார்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். விளம்பரத்தைத் தவிர வேறு எந்தத் தகவலும் எங்களை வந்தடைவதில்லை. வீதி எப்படி மாறியிருக்கிறது, பக்கத்து வீட்டை யார் வாங்கினார்கள் என்று எவரும் சொல்வதில்லை. திடீரென்று ஒரு தொகையைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கும்போது சந்தேகம் எழுவது இயல்பு. அக்கா தாம் திரட்டும் ஒப்பீட்டு விற்பனைகளையும் வீட்டின் படங்களையும் மறைவின்றித் தம்பிக்கு அனுப்பினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. இங்கிருப்பவர்கள் பவுணில் கணக்குப் பார்த்து ஊரில் உள்ளவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அவ்வாறாயின் அவர்கள் கொடுக்கக்கூடிய விலையும் சந்தை விலைதானே?

பட்டினவாசல் எழுதியது:

நொத்தாரிசுத் தொழிலில் உள்ளவன் என்ற வகையில் இதற்குப் பதில் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. பிரித்தானியக் குடியுரிமையை மட்டும் வைத்திருப்பவர் எவ்வளவு கொடுக்க விரும்பினாலும் அவர் சட்டப்படி வாங்குபவர் அல்லர். எனவே அவருடைய விருப்பத்தைச் சந்தை விலைக்குச் சான்றாக எடுக்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் உண்மையில் பணம் கொடுத்து வாங்கிய விற்பனைகள் இருந்தால், அவை மற்ற விற்பனைகளைப் போலவே ஒப்பீட்டில் சேரும்.

மல்லிகைப்பந்தல் அவர்களுக்கு: விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உறுதியைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்தில் எந்தக் காணியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, இது உறுதிக் காணியா, அல்லது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கிடைத்த அரச காணியா என்பதையே. பின்னதாயின் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. உரித்து எவருக்குச் சேரும் என்பதும் வேறு விதிகளின்படியே தீரும். விலையும் உறுதிக் காணியின் விலைக்கு வெகுவாகக் கீழே இருக்கும். உங்களுடையது உறுதிக் காணி என்றால், காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகளுக்கான பதிவேட்டுப் பிரதியை எடுத்து, ஈடு (அடகு) அல்லது வழக்குப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். நில அளவையாளரின் வரைபடம் பழையதாயின் புதிதாக அளக்கச் செய்யுங்கள். மதில் நிற்கும் இடமும் வரைபடத்தின் எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. 18 பேர்ச் என்று நம்பியிருந்த வளவு அளந்தபோது குறைந்துபோன சந்தர்ப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளூராட்சி மன்றத்தில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுக்கவேண்டும். வீதி அகலிக்கப்பட்டால் விறாந்தையின் ஒரு பகுதி போய்விடும் என்றிருந்தால், அதைத் தெரிந்துகொண்டு எவரும் முழு விலை கொடுக்கமாட்டார்.

சமூகத்துக்குரிய தனிச் சட்டம் எதுவுமின்றிப் பொதுச் சட்டம் பொருந்தும் குடும்பமாயின், பெற்றோர் இருவரும் மரணசாதனம் இன்றி இறந்தபின் பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிரிபடாத மூன்றிலொரு பங்கை வெளியார் ஒருவர் வாங்குவதானால், முழு வீட்டு விலையின் மூன்றிலொரு பகுதியைக் கொடுக்கமாட்டார். மற்றப் பங்காளிகளோடு வழக்காட வேண்டிவரும் என்று அஞ்சி வெகுவாகக் குறைத்தே கேட்பார். ஆனால் உங்கள் விடயத்தில் இரண்டு பங்குகளும் உங்களிடம் வந்து வீடு முழுமையாகிறது. எனவே முழுப் பெறுமதியை மூன்றால் பிரிப்பதே நேர்மை என்பது என் உறுதியான கருத்து. பங்கு பிரிபடாதது என்று சொல்லி விலையைக் குறைப்பதை நான் எந்தக் குடும்பத்திலும் ஆதரித்ததில்லை.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டமும் இதற்கு நெருங்கிய வழியில்தான் செல்கிறது. பிரிக்க முடியாத சொத்தை விற்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டால், மதிக்கப்பட்ட விலையில் முதலில் பங்காளிகளுக்கிடையே விற்பதற்கே இடம் கொடுக்கப்படுகிறது; அதன்பின்தான் பகிரங்க ஏலம். உங்கள் வளவை மூன்று துண்டாக்கலாம் என்று எவராவது சொன்னால், 18 பேர்ச்சின் நடுவில் வீடு நிற்கிறது என்பதையும், நகர அபிவிருத்தி விதிகள் ஒரு துண்டுக்குப் பொதுவாகக் குறைந்தது 6 பேர்ச் கேட்கின்றன என்பதையும் நினைவூட்டுங்கள். பாதைக்கு நிலம் விட்டால் அந்த அளவு கிடைக்காது.

கடலோரக்காற்று எழுதியது:

உப்புவெளிப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்காகவும் சில வரிகள் சேர்க்கிறேன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கொடுக்கும் வீடுகளுக்கு வருமானத்தை வைத்து விலை பேசுகிறார்கள். அது சரியான முறைதான். ஆனால் இங்கே கடல் அமைதியாக இருந்து பயணிகள் வருவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையிலான காலத்தில். வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் அறைகள் வெறுமையாகக் கிடக்கும். பருவ காலத்து மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டும் எவரையும் நம்பவேண்டாம். முழு ஆண்டின் வருமானத்திலிருந்து பராமரிப்பையும் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களையும் கழித்தபின் வருவதுதான் கணக்கு.

கடலுக்கு அருகில் இருப்பது விலையைக் கூட்டும். கட்டும் உரிமை இல்லாவிட்டால் அதே அருகாமை விலையைக் குறைக்கும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளுக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை கட்டத் தடை என்று அறிவிக்கப்பட்டதும், பின்னர் அது தளர்த்தப்பட்டதும் எங்கள் பக்கத்தவர்களுக்கு மறக்கவில்லை. அந்த நாட்களில் கரையோர வளவுகளை வாங்க ஆள் இல்லை. கிணற்று நீர் சவராகிப்போன வளவுகளுக்கு இன்றும் கேள்வி குறைவு. வாங்குபவர் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டே விலை சொல்வார்.

நிலமும்கல்லும் எழுதியது:

கடலோரக்காற்று சொன்ன வருமான முறையை உவர்மலை வீட்டுக்கும் ஒரு சரிபார்ப்பாகப் பயன்படுத்தலாம். கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பதால் இடமாற்றம் பெற்று வரும் அலுவலர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஆகவே வாடகை விபரங்களைத் திரட்டுவது கடினமல்ல. ஆனால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் விலையை வாடகை மட்டும் தீர்மானிப்பதில்லை. வாடகைக் கணக்கு காணி, கட்டடக் கணக்குக்கு வெகு கீழே நின்றால் திகைக்கவேண்டாம். நம் நகரங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

பாலையூற்றுவாசி எழுதியது:

எவரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். மூத்தவர் அந்த வீட்டில் இருந்து தாயைப் பராமரித்திருப்பார். கூரையைத் திருத்தியும் இருப்பார். அவை விலையில் கழிக்கப்பட வேண்டாமா? என் குடும்பத்தில் இதை எவரும் வாய்விட்டுப் பேசாததால் ஏற்பட்ட மனக்கசப்பு இன்றுவரை ஆறவில்லை.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

கேட்டதற்கு நன்றி. கூரை ஒருமுறை முழுமையாக மாற்றப்பட்டது. பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் என் பணத்தில் கட்டப்பட்டன. அம்மாவைப் பார்த்ததற்கு நான் எந்தப் பணமும் கேட்கப்போவதில்லை. அது என் கடமை, என் விருப்பமும்கூட. ஆனால் கட்டடச் செலவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டினவாசல் எழுதியது:

உங்கள் மனம் பெரியது. ஆயினும் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது நல்லது. பராமரிப்பு வீட்டின் பெறுமதிக்குள் வராது. அதற்கு ஏதேனும் கொடுப்பதா என்பதை உடன்பிறந்தவர்கள் தாங்களாக முன்வந்து சொல்லவேண்டும், மதிப்பீட்டு அறிக்கையில் அதை எழுத முடியாது. திருத்தங்களின் நிலை அப்படியல்ல. பங்காளி ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்த மேம்பாடுகளுக்கு ஈடு கேட்கும் உரிமையைச் சட்டமே ஏற்கிறது. பங்கீட்டு வழக்குகளில் காணி, கட்டடம், பயன்தரு மரங்கள், மேம்பாடுகள் எனத் தனித்தனியாகவே மதிப்பிடுவார்கள்.

நிலமும்கல்லும் எழுதியது:

அதில் ஒரு தெளிவு தேவை. செலவழித்த பணம் அப்படியே பெறுமதி ஆவதில்லை. பின்பக்க அறையும் குளியலறையும் இன்று வீட்டின் பெறுமதியை எவ்வளவு கூட்டுகின்றன என்பதே கணக்கு. விளக்கத்துக்காக, அறிக்கை இரண்டு கோடியே 60 இலட்சம் என்று வந்து, அதில் உங்கள் மேம்பாடுகளால் வந்தது 20 இலட்சம் என்றால், மிகுதி இரண்டு கோடியே 40 இலட்சத்தை மூன்றால் பிரித்து, தம்பிக்கும் தங்கைக்கும் தலா 80 இலட்சம் கொடுப்பது முறை. கூரையில் பழைய ஓட்டை எடுத்துப் புதிதாகப் போட்டது பெரும்பாலும் பராமரிப்பாகவே கருதப்படும். நீங்கள் வாடகையின்றிக் குடியிருந்ததற்கு ஈடாக அதை விட்டுவிடுவதே சுமுகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தேம்ஸ்கரை எழுதியது:

இந்தக் கணக்கை எனக்கு அனுப்பியிருந்தால் நான் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டிருப்பேன். வரிகளைப் பற்றியும் எவராவது சொல்லுங்கள்; தம்பி பக்கத்தில் அந்தக் கேள்வி நிச்சயம் எழும்.

பட்டினவாசல் எழுதியது:

மேலே சொன்ன கணக்கின்படி இரண்டு பங்குகளின் விலை ஒரு கோடியே 60 இலட்சம். அதற்கான முத்திரைத் தீர்வை, முதல் இலட்சத்துக்கு 3,000 ரூபாவும் மிகுதி ஒரு கோடியே 59 இலட்சத்துக்கு 6 இலட்சத்து 36 ஆயிரமுமாக, மொத்தம் 6 இலட்சத்து 39 ஆயிரம். இதை வாங்குபவரே செலுத்துவது வழக்கம். உறுதியில் உண்மையான விலையையே எழுதுங்கள். குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் குறைந்த தீர்வையைப் பின்னர் அறவிடலாம். அதோடு, நாளை நீங்கள் விற்கும்போது இலாபம் அந்தக் குறைந்த தொகையிலிருந்தே கணக்கிடப்படும்.

பங்கை விற்பவர்களுக்கு மூலதன ஆதாய வரி (சொத்தை விற்று வரும் இலாபத்தின் மீதான வரி) பொருந்தும். 2017 செப்டெம்பர் 30இல் ஏற்கெனவே கையிலிருந்த சொத்துக்கு, அந்தத் திகதியில் இருந்த சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாக (இலாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் விலையாக) கொள்ளப்படுகிறது. உங்கள் பெற்றோர் அதற்கு முன்னரே காலமானதால், இன்றைய பெறுமதியோடு 2017 செப்டெம்பர் 30இன் பெறுமதியையும் எழுதித் தருமாறு மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். இந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்காமல் விட்டு, பின்னர் வரிக் கணக்கில் திண்டாடியவர்கள் பலர். வரியின் வீதத்தையும் தம்பி வெளிநாட்டில் வதிவதால் வரும் வேறுபாடுகளையும் கணக்காளரிடம் உறுதிசெய்யுங்கள். தம்பி நேரில் வர முடியாவிட்டால் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்திப் பதிவுசெய்யப்பட்ட அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் அளிக்கும் பத்திரம்) தேவை. அது உங்கள் பெயருக்கு இருக்கக் கூடாது. வாங்குபவரே விற்பவருக்காகவும் கையெழுத்திடுவது பிற்காலத்தில் கேள்விக்கு இடம் வைக்கும்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் நில அளவை, பின்னர் பதிவேட்டுப் பிரதி, அதன்பின் மதிப்பீடு என்று தம்பிக்கும் தங்கைக்கும் எழுதினேன், இருவரும் உடன்பட்டார்கள். தம்பி தான் தெரிவுசெய்யும் மதிப்பீட்டாளர் ஒருவரும் பார்க்கவேண்டும் என்கிறான். இரண்டு அறிக்கைகளும் வேறுபட்டால் என்ன செய்வது? அறிக்கை எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?

நிலமும்கல்லும் எழுதியது:

தம்பியின் கோரிக்கை நியாயமானது, அதை வரவேற்றுவிடுங்கள். இருவரும் இலங்கை மதிப்பீட்டாளர் நிறுவகத்தில் உறுப்புரிமை உள்ளவர்களாகவும், திருகோணமலை நகரில் தொடர்ந்து வேலை செய்பவர்களாகவும் இருக்கட்டும். ஒரே வரைபடத்தையும் ஒரே மதிப்பீட்டுத் திகதியையும் இருவருக்கும் கொடுங்கள். தாங்கள் எடுத்த ஒப்பீட்டு விற்பனைகளையும், காணிக்கும் கட்டடத்துக்கும் மேம்பாடுகளுக்கும் தனித்தனித் தொகைகளையும் அறிக்கையில் காட்டவேண்டும் என்று முன்னரே கேளுங்கள். வேறுபாடு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நடுத்தொகையை எடுத்துக்கொள்ளலாம். அதைவிடக் கூடினால் நடுத்தொகைக்குப் போகாமல், எந்த வரியில் வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள். அநேகமாகக் காணியின் பேர்ச் விலையிலோ தேய்மானத்திலோதான் இருக்கும். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் இருவரையும் பேசவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆறு மாதங்களுக்குள் உறுதி முடிக்கப்படாவிட்டால் காணியின் விலையை மட்டும் மீண்டும் பார்ப்பது என்று மூவரும் இப்போதே எழுதி ஒப்பமிடுங்கள். கட்டடத்தின் தொகை அவ்வளவு விரைவில் மாறாது.